டூயிக்காக ஏறெடுத்த ஜெபம்

ஓக்லி, ஜார்ஜியா
மார்ச் 1973

அன்புள்ள ராய்ஸ்,

ஆண்டவர் கிருபையில் நானும் கோழிகளும் சுகம். ஜெர்மனிக் குளிரில் நீயும் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மிகுந்த யோசனைக்குப் பிறகு ஒரு முடிவெடுத்து, அதை நிறைவேற்றியும் விட்டேன். உன் அப்பா காலத்திலிருந்து நாம் உட்காரும் ஜன்னலோர பெஞ்சை விட்டு, சபையில் டூயியின் அம்மா இமோஜீன் ஸ்டப்ஸுக்கு நேர் பின்னால் உள்ள பெஞ்சுக்கு மாறிவிட்டேன். அதைப் பார்த்த போதகர் ஹாலிஸ் பிரசங்கத்தின் நடுவில் ஒரு வசனத்தையே விட்டுவிட்டார்.

காரணம் இதுதான். உங்கள் ராக் குழுவின் முதல் இசைத்தட்டு வந்துவிட்டது. உங்கள் என்று எழுதியது பழக்கதோஷம். உறையில் எல்லோரும் நம் கோழிக்கொட்டகை முன்னால் தலைமுடியை விரித்துப்போட்டு நிற்கிறார்கள், நீ நிற்கவேண்டிய இடத்தில் யாரோ ஒரு மீசைக்காரன். முழுவதும் கேட்டேன். ஒரே வேலிக்காகச் சண்டை போடும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி மூன்று கிட்டார்கள். ரயில், ஆறு, விஸ்கி, விட்டுப்போன பெண் என்று பாட்டுகள். கேட்டு முடித்தபோது நான் அந்தப் பெண்ணின் கட்சிக்குப் போய்விட்டேன். கடைசிப் பாட்டு மட்டும் அப்பாவை அடக்கம்பண்ணிய வாரம் நம் சமையலறை மேசையில் நீ எழுதியது. மரம் அறுக்கும் மில்லிலிருந்து வந்து வாசலில் நின்று அவர் உடுப்பில் தூசி தட்டும் சத்தத்தை எழுதினாயே, அது. இசைத்தட்டின் நடுவில் 'பாடலும் இசையும்: டூயி ஸ்டப்ஸ்' என்று அச்சடித்திருக்கிறது. டூயியின் அப்பா இன்சூரன்ஸ் விற்கிறவர், வீடு திரும்பும்போது அவர்மேல் தட்டுவதற்கு எதுவும் இருக்காது.

டூயியிடம் நேரில் போய்க் கேட்டேன். பெட்ரோல் பங்கில் நின்று உறைகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "ராய்ஸு பட்டாளத்துல இருக்கான் மிஸ் வெர்லீன், கம்பெனிக்காரன் ஏதாவது ஒரு பேரு வேணும்னான், எம்பேரக் குடுத்தேன், யாரு பாக்கப்போறா" என்று சொல்லி எனக்கும் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இத்தனை வருஷம் நான் சுடும் பிஸ்கட் ரொட்டியையும் குழம்பையும் தின்று வளர்ந்தவன். நான் கோபப்படவில்லை. கோபம் பாவம்.

புதன்கிழமைக் கூட்டத்தில் போதகர் ஜெபக் குறிப்புகள் கேட்டபோது எழுந்து, இமோஜீனின் தொப்பிக்குப் பின்னால் நின்றபடி, டூயி ஒரு பாவத்திலிருந்து விடுபட ஜெபியுங்கள், என்ன பாவமென்று சொல்ல என் நாவு கூசுகிறது என்றேன். அளவாக அழவும் செய்தேன். நம் சபைப் பெண்கள் அன்று இரவே ஒருவருக்கொருவர் தொலைபேசியில் ஜெபிக்கத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை அது விஸ்கியாக இருந்தது, வெள்ளிக்கிழமை மேக்கன் நகரத்தில் ஒரு கல்யாணமான பெண், ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை. கேட்டவர்களிடம் பெருமூச்சு மட்டும் விட்டேன். அடுத்த புதனும் அதே குறிப்பைக் கொடுத்தேன்.

கூட்டம் முடிந்து கார்கள் நிற்கும் இடத்தில் இமோஜீன் என் கையைப் பிடித்தாள். "எம்புள்ளய இப்படிச் சந்தியில நிறுத்திட்டியேடி, அப்படி என்னதான் பண்ணிட்டான்" என்றாள். "சந்தியில இல்ல இமோஜீன், ஆண்டவர் சந்நிதியிலதான் நிறுத்தியிருக்கேன், என்ன பண்ணான்னு அவன்கிட்டயே கேளு" என்றேன். கேட்டிருக்கிறாள். மறுவாரம் டூயி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். கம்பெனிக்கு உண்மையை எழுதிவிட்டானாம், அடுத்து அச்சடிக்கும் தட்டுகளில் உன் பெயர் வருமாம். அவர்கள் அனுப்பிய அச்சு மாதிரியைக் காட்டினான், உன் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. "ஜெபத்த நிப்பாட்டச் சொல்லுங்க மிஸ் வெர்லீன், பெட்ரோல் போடப் போனாக்கூடப் பொம்பளைங்க என் தலையில கைய வச்சு ஜெபிக்கிறாங்க" என்று கெஞ்சினான். அடுத்த சபை மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள், அது என் கையில் இல்லை, என் குறிப்பை மட்டும் நிறுத்துகிறேன் என்றேன். சொன்ன சொல் தவறாமல் புதன்கிழமை எழுந்து, டூயி தன் பாவத்தை என்னிடம் அறிக்கையிட்டதற்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்தி உட்கார்ந்துவிட்டேன். என்ன பாவமென்று அப்போதும் சொல்லவில்லை. பிறர் குற்றத்தைப் பரப்புவது நம் வீட்டு வழக்கமில்லை.

நீ வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. காலுறையை ஈரத்தோடு போடாதே. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால் எனக்கு அனுப்பிவிட்டுப் பதில் எழுது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னை முழுசாக என் மேசைக்குக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் அம்மா,
வெர்லீன் டிட்வெல்

பி.கு.: ஸ்டப்ஸ் வீட்டின் முன்னால் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டிருக்கிறார்கள்.