மரியாதை வேண்டாம், சென்டர் வேண்டும்

ஜன. 6, செவ்வாய்

பனி. கிரவுண்டில் எதிர்ப்பக்கக் கம்பம்கூடத் தெரியவில்லை. கம்பளிப் பந்து நனைந்து கனத்துப்போயிற்று. நான் அடித்ததில் பாதி வலையில். எங்கள் டீம் சின்னப் பெண் சுமதி அடித்தது எல்லாம் அந்தப் பக்கம். அவளுக்கு மட்டும் வேறு பனியா?

பேட்டுக்கு நரம்பு மாற்ற வேண்டும். அத்தைக்கு முட்டி வலி மாத்திரை. காஸ் புக் செய்ய வேண்டும்.

ஆபீசில் புதிதாக வந்த கிளார்க்: "மேடம், நீங்கதான் முன்னாடி பூப்பந்து ஆடுனவங்களா?" முன்னாடியாம்! காலையில் ஆடிய செம்மண் கால் நகத்தில் அப்படியே இருக்கிறது. மாநில சாம்பியன் டீமுக்கு சென்டர் ஆடியவள் நான். இந்த வேலையே அந்த ஆட்டம் வாங்கிக் கொடுத்ததுதான். இரண்டு சீசனாக ஆட்டம் படுத்துவிட்டது. எனக்கே தெரியும். ஊரே கூடி அதை எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா?

பொங்கல் டோர்னமென்டில் காட்டுகிறேன்.

ஜன. 8, வியாழன்

இன்று தோள் பரவாயில்லை. முட்டி பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

குவைத்திலிருந்து அவர் போன். எதிர்வீட்டுக்குத்தான் வரும். அவர்கள் வீட்டில் எல்லாரும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

"ஏன் ஜெசி உடம்ப வருத்திக்கிற? பேர் எடுத்தாச்சுல்ல? அம்மாவப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரேன்."

இவர் 'இதோ கடைசித் தடவை' என்று சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் விசாவைப் புதுப்பிக்கிறார். யாராவது அவரிடம் போதும் என்றோமா? ஏர்போர்ட் வரை போய் வழியனுப்பிவிட்டு வருகிறோம். கேட்டிருப்பேன். எதிர்வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நின்றாள். "சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

ஜன. 10, சனி

ஆத்திரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

பெரிய கடைத்தெருவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தான். ரோஸ் கலர். பொங்கல் பூப்பந்துப் போட்டி. என் போட்டோ. பத்து வருஷத்துக்கு முந்தைய ரெட்டைச் சடை போட்டோ. கீழே: 'சிறப்பு விருந்தினர், முன்னாள் மாநில வீராங்கனை திருமதி ஜெசிந்தா அவர்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுவார்.'

எங்கள் டீம் லிஸ்ட் தனியாக. சென்டர்: சுமதி.

கறிகாய்ப் பையோடு நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். என் கையில் முதல் பேட்டைக் கொடுத்த மனுஷன். சட்டை போடக்கூட நேரம் கொடுக்கவில்லை.

"உனக்கு மரியாதை பண்றோம்மா. ஊர் ஒன்ன மறக்கலன்னு அர்த்தம்."

"மரியாதை வேணாம் சார். சென்டர் வேணும்."

"சுமதி ஆடட்டுமே. அஞ்சு பேர்ல நடுவுல நிக்கிறவளுக்குத்தான் அத்தனை பந்தும் வரும். போன சீசன்ல பின்னாடி போன பந்துல ஒண்ணாவது எடுத்தியா நீ?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துக்குவியா?"

ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் கோபத்திலேயே பெரிய கோபம். அவர் வீட்டம்மா காபி கொடுத்தார்கள். சண்டைக்கு நடுவில் அதையும் குடித்துத் தொலைத்தேன்.

இந்த ஊரில் ஒருத்தரை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ள மாட்டார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். கை தட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். எங்கள் ஆபீஸ் பழைய சூப்பரின்டெண்டுக்கும் அப்படித்தான். போர்த்திய மறுநாள் அவர் நாற்காலியில் வேறு ஆள்.

ஜன. 12, திங்கள்

பிராக்டிஸ் போகவில்லை. யாருக்காகப் போக?

அத்தை கேட்டார்கள்: "விழாவுக்கு எந்தப் பொடவ கட்டப்போற? அந்த மயில் கழுத்து பட்டுதான் போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்." அவர்களுக்கு ஒரே சந்தோஷம். நாலு வீட்டில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை. பாத்திரத்தை 'டங்'கென்று வைத்தேன்.

சாயங்காலம் தனியாகக் கிரவுண்டுக்குப் போனேன். சுவரில் அடித்து அடித்து, இருட்டியபிறகு வந்தேன்.

ஜன. 16, வெள்ளி

நல்ல வெயில். கிழக்குக் காற்று.

மயில் கழுத்துப் பட்டு. உள்ளே கான்வாஸ் ஷூ. அத்தை பார்க்கவில்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில் யாரோ ஒருத்தர் என்னைப் 'பூப்பந்தின் புயல்' என்றார். பிறகு வழக்கம்போல் விருந்தினர் முதல் பந்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். எதிரில் சீர்காழி டீம். அவர்கள் சென்டர் பிள்ளை என் பந்தைச் சிரித்துக்கொண்டே கையில் பிடித்தாள். கைதட்டல்.

"பிடிக்காத. திருப்பி அடி," என்றேன்.

பொன்னாடையை நாற்காலியில் வைத்துவிட்டு மறுபடி பந்தைப் போட்டேன். மெதுவாகத் தட்டினாள். அடித்துப் பாயிண்ட் எடுத்தேன். கூட்டம் சிரித்தது. இன்னொன்று. அதுவும் எனக்கு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நம்பினேன். அப்புறம் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு விட்டுக்கொடுக்கிற முகம்.

"ஏம்மா, விட்டுக்கொடுக்கிறியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா, நீங்க பெரியவங்க..."

"நெசமா அடி. இல்லன்னா நான் வெளிய போகமாட்டேன்."

அடித்தாள். தலைக்கு மேல், பின்னால். திரும்பினேன், கால் வரவில்லை. புடவையைக் குற்றம் சொல்லப் போவதில்லை. கால் வரவில்லை. அடுத்ததும் அதே இடம். அதுவும் போயிற்று. மைக்கில் 'நன்றி, நன்றி' என்று கத்துகிறார்கள். மூன்றாவது, பந்து கிளம்பும் முன்பே பின்னால் ஓடினேன். எடுத்தேன். காற்றில் வளைந்து கோட்டுக்குள் விழுந்தது. அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் உள்ளே வந்தார். "போதும்மா, வெளிய வா. மேட்ச் ஆரம்பிக்கணும்."

"சுமதிக்கும் எனக்கும் ட்ரயல் வைங்க சார். அவ விட்டுக்கொடுக்கக் கூடாது. தோத்தா நான் வெளிய."

"ஒண்ண எடுத்துட்டா ஆச்சா? ரெண்டு போச்சே?"

"ஒண்ணு எடுத்தேன்ல?"

அவர் என் காலைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். "திங்கக்கெழம காலைல வா. தோத்துட்டு எங்கிட்ட சண்டைக்கு வராத."

"வருவேன்," என்றேன்.

முட்டி வீங்கிவிட்டது. அத்தை எண்ணெய் சுட வைக்கிறார்கள். திட்டிக்கொண்டே.