இரண்டு சுற்றுக் கயிறு

உப்புக்குளம், 11.03.2003
பத்தாம் வகுப்புக்கு இன்று காழும் உரியமும். வேரின் தண்ணீர் காழ் வழியே மேலே போகும். இலை ஆக்கும் உணவு, பட்டையோடு ஒட்டிய உரியம் வழியே கீழே வேருக்கு வரும். பட்டையை வளையமாக வெட்டினால் வெட்டுக்கு மேலே வீங்கும், வேர் பட்டினி கிடக்கும் என்று படம் கீறிக் காட்டினேன். வீட்டுக்கு வந்து, ஆளில்லாத பக்கத்து வளவைக் கூட்டும்போது அதே படம் நசீறாவின் மாமரத்தில்! வீக்கத்துக்குக் கீழே விரலை விட்டேன். நைலோன் கயிறு. இரண்டு சுற்று.

12.03
வலை காயப்போட என் மனுஷன் வலன்ரைன்தான் எப்போதோ கட்டியது. நசீறா குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு விரட்டப்பட்டு, எல்லாவற்றையும் விட்டுப் புத்தளம் போனபோது, என்னிடம் ஒப்படைத்தது இந்த மரம் ஒன்றைத்தான். "ரெண்டு சுத்துக் கயிறு மரத்தை என்ன செய்யும்? காய்ச்சிருக்கிற வடிவைப் பாரன்" என்கிறார் இவர். அந்தக் காய்தானே பயமாக இருக்கிறது! கீழே போகவேண்டிய சாப்பாடெல்லாம் மேலேயே நிற்கிறது. கயிற்றை வெட்டி எடுத்தோம். அடியில் பட்டையே இல்லை.

30.03
நசீறாவின் கடிதம். ஜூனில் வளவைப் பார்க்க வருகிறாளாம். "வீட்டுக்குக் கூரை இல்லாட்டியும் மரம் இருக்குதானே ரீச்சர். எப்பிடி இருக்கு?"
நல்லாயிருக்கு என்று பதில் எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன்?

17.04
பெரிய வியாழன். மரத்துக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். விஞ்ஞான ரீச்சர்!

04.05
காயத்துக்குக் கீழே, தூரில் இரண்டு துளிர். இதைத்தானே வடிவில்லை என்று கிழமைக்குக் கிழமை கிள்ளி எறிந்தனான்? மடைச்சி, மடைச்சி. இந்த இலைகள் ஆக்குவது தடையில்லாமல் வேருக்குப் போகுமே.
ஆடு கடிக்காமல் இவர் பழைய வலையைச் சுற்றிக் கட்டினார். தளர்வாகத்தான் கட்டினார்.

14.06
நசீறாவும் புருஷன் மர்சூக்கும் வந்தார்கள். பழம் வெட்டிக் கொடுத்தேன்.
"இவ்வளவு இனிப்பா, ரீச்சர்!"
என்னால் தாங்க முடியவில்லை. கயிறு, காயம், வேர் எல்லாம் சொல்லிவிட்டேன்.
"நல்லாயிருக்கு எண்டு எழுதினீங்களே" என்றாள். பஸ்ஸுக்கு நேரமென்று எழும்பிப் போனார்கள். தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது.

22.07
கடிதம் இல்லை. உச்சிக் கிளைகள் மஞ்சள்.

03.08
இன்றும் இல்லை.

19.09
மேல்மரம் பட்டுவிட்டது. துளிர்கள் முழங்கால் அளவு.
காலையில் பக்கத்து வளவில் வாளிச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். வாசலில் லொறி நிறையக் கூரைத் தகரம். நசீறா துளிர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"இனி நான் பாக்கிறன், ரீச்சர்" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. திரும்பி நடந்தேன்.
படலையடிக்கு வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.
"உங்கட வீட்டில சீனி இருக்கோ? தேத்தண்ணி வைக்கவேணும்."
போத்தலோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.