நிலவறையில் என் அறை

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் சுகம்தானே? போன் போட்டால் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார், அதனால்தான் கடிதம்.

வேலை பழகிவிட்டது. பல் செட் செய்யும் லேபில் நாள் முழுக்க மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குகிறேன். விளையாடவும் ஆள் கிடைத்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டேஷனரி கடை மாடியில், ஐந்து பேர். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவதெல்லாம் நம்முடையது போலத்தான். ஆனால் இவர்கள் ஆடுவது 'கைமாற்று' இல்லை, 'நிலவறை'. நம் ஆட்டத்தில் கதை கைக்குக் கை போகும். பிடிக்காவிட்டால் யாரும் பகடைமேல் கைவைத்துக் காட்சியை நிறுத்தலாம். இதில் வரைபடம் முழுக்க ஒருவர் கையில். அவர் சொல்வதுதான் சுவர், அவர் சொல்வதுதான் கதவு. நடத்துநர் என்கிறார்கள். டிக்கெட் கொடுப்பாரா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். மெல்லிய குரல். பையும் போனும் மேஜைக்கு வரக்கூடாது, வெளி அறையில் ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்பார். விதிப்புத்தகத்தில் இருக்கிறதாம்.

அண்ணி, போன சனிக்கிழமை நான் ஆடும் திருடி ஒரு கதவைத் திறந்தாள். உள்ளே இருப்பதை அவர் நிதானமாகச் சொன்னார். பச்சை இரும்புக் கட்டில். காது உடைந்த கோப்பையில் பேனாக்கள். கொக்கி நிற்காத ஜன்னல், மஞ்சள் ரிப்பனால் கட்டியிருக்கிறது. என்ன அழகாகச் சொல்கிறார் என்றார்கள்.

அது என் அறை. இந்த ஊரில் நான் யாரையும் என் அறைக்குக் கூப்பிட்டதில்லை.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். மறுநாளே வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

உங்கள்
வாலு


ஜூன் 14

என் வாலுவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பச்சைக் கட்டில் ஊரெல்லாம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த ரிப்பன்தான் இடிக்கிறது. அது உன் பழைய பாவாடை நாடா, உன் பெட்டியில் மடித்து வைத்ததே நான்தான்.

வீட்டுக்காரம்மாவைத் தவிர யாரிடம் சாவி இருக்கிறது? முதலில் அதைக் கேள். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடு. அந்த மேஜைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. இரண்டு முறை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. சாப்பிடுகிறாயா இல்லையா? அதையும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

அண்ணி


ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

சனிக்கிழமைகளில் ஆணியில் மாட்டிய பையில்தான் என் போனும் இருந்தது. அதையும் அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் நோண்டியிருப்பானோ என்று தொடவே பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேறு யாரிடமும் சாவி இல்லை என்று வீட்டுக்காரம்மா அடித்துச் சொன்னார். பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி நானே திருகி மாட்டினேன். உள்ளே இருக்கும்வரை அது என்னைக் காக்கும். வேலைக்குப் போய்விட்டால் அறையை யார் காப்பது? அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நீங்கள் வேண்டாம் என்றும் சனிக்கிழமை போனேன். போகாவிட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என நினைத்தேன். என் திருடி மறுபடி அந்த அறைக்குள் வந்தாள். அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "கதவுக்கு உள்பக்கம் இப்ப ஒரு தாழ்ப்பாள் இருக்கு. பித்தளை. ஒரு திருகாணி கோணலா இருக்கு."

கோணலாகத்தான் இருக்கிறது அண்ணி.

எப்படித் தைரியம் வந்ததோ, நம் வீட்டில் செய்வது போலப் பகடைமேல் கையை வைத்துவிட்டேன்.

"இது என் ரூம். எப்ப உள்ள வந்தீங்க?"

"கதைங்க இது," என்றான். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

எங்களோடு ஆடும் ஆம்புலன்ஸ் ஓட்டும் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். விதிப்புத்தகம் அவருடையது. "பையை வெளிய வைக்கணும்னு இதுல எங்கயும் இல்லையே" என்றார். டீ வாங்கப் போகிறேன் என்று வாராவாரம் அவன் எழுந்து போவது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. பூட்டுக்கடை எதிரிலேயே இருக்கிறது. பையில் இருக்கும் சாவிக்கு நகல் வெட்ட எத்தனை நேரம் ஆகும்?

அவன் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டான். வரைபட நோட்டை விட்டுவிட்டுப் போனான். அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். என் அறை அச்சுப் பிசகாமல் அதில் இருந்தது. அடுத்த பக்கத்தில் அக்கா வீட்டுச் சமையலறை, அவர் மகள் படுக்கும் மூலை வரைக்கும். ஆட்டத்தில் அந்தச் சமையலறைக்கு நாங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறோம். இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன். இருவர் வீட்டுப் பூட்டையும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் இருவருக்கும் தூக்கம் இல்லை.

வாலு


ஜூன் 27

வாலு,

என்னைத் திட்டு. உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் என்னால் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அவளைக் கூட்டிட்டு வரவா, இல்ல அங்க போய்க் கூட இருக்கவான்னு அவகிட்டயே கேளு" என்றார். கேட்கிறேன். பதில் எழுது.

அண்ணி


ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் இல்லை. படித்ததும் அழுகைதான் வந்தது.

அவனைப் பிடித்தார்கள், கடை இழுப்பறையில் எங்கள் வீட்டுச் சாவிகளின் நகல்கள் இருந்தனவாம். ஒரு வாரத்தில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். இதே ஊரில்தான் இருக்கிறான். கண்ணாடிக் கடைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன். பின்னால் யாராவது இருமினாலும் பல் செதுக்கும் கத்தியைப் பிடித்துக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை அக்கா எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, நம் ஆட்டத்தைச் சொல்லித் தரச் சொன்னார். அவரவர் பை அவரவர் மடியில். கைமாற்றில் ஆரம்பிக்கிறவர்தானே முதல் இடத்தைச் சொல்ல வேண்டும்? நான் ஓர் அறை சொல்லப் போனேன். கதவு என்றேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. எந்த அறையைச் சொன்னாலும் அதற்குள் அவன் ஏற்கெனவே போய் வந்திருக்கிறான் என்று தோன்றியது. பகடையை எடுத்து வைத்துவிட்டோம்.

அண்ணனிடம் சொல்லுங்கள், நான் ஊருக்கு வரவில்லை. நீங்கள் இருவரும் இங்கே வாருங்கள். அண்ணன் வாசல் பக்கம் உட்காரட்டும், ஆட்டம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் முதலில் ஓர் அறை சொல்லுங்கள் அண்ணி. அதற்குள் நான் வருகிறேன்.

உங்கள்
வாலு