என் பெயரில் விழுந்த மான்

டோலன் ஃபோர்க், மாண்டானா
ஜனவரி 9

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

பதினோரு வருடம் கழித்து உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பாய். யாரும் போகவில்லை. என் ஆர்விட்டுக்கு அறுபத்தெட்டு முடிந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், பிடிவாதத்துக்குத்தான் மருந்து கிடைக்கவில்லை. எனக்கு இடது முழங்கால் தகராறு. உன் கணவர் காலமான செய்தியைப் பத்திரிகையில் பார்த்தேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும், எழுதாதது என் தப்பு. தலைநகர் ஹெலினாவில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு அவர் சுடச்சுட இறைச்சி அடைத்த பாஸ்டி கொண்டுவருவார், நாம் நாலு பேரும் நின்றுகொண்டே தின்போம். அதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

நீ மறுபடியும் சட்டசபைக்கு வந்து, நீதிக் குழுவின் தலைவியாகவும் ஆகிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்ல மட்டும் எழுதுகிறேன் என்று புளுகினால் நீ நம்பமாட்டாய். உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அதைக் கேட்கும் முன் எங்கள் மானத்தை நானே கொஞ்சம் வாங்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

எட்டு வருடப் பதவி வரம்பு முடிந்து ஆர்விட் சபையிலிருந்து வீடு திரும்பினாரே, அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் என் சமையலறையில்தான் சபை நடந்தது. உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்பதற்குக்கூடத் திருத்தம் கொண்டுவந்தார். எங்கள் ஊர் நீதிபதி வேலையை விட்டுவிட்டு மகளோடு அரிசோனாவுக்குக் குடிபோனபோது, தேர்தல் படிவத்தை வாங்கிவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தது நான்தான். அறுபத்தோரு ஓட்டில் ஜெயித்தார். வக்கீல் படிப்பு தேவைப்படாத வேலை. வருடத்துக்கு இரண்டு முறை பயிற்சிக்குப் போய், பள்ளிப் பிள்ளை மாதிரி பயந்துகொண்டே உட்கார்ந்துவிட்டு வருவார். வேகமாக வண்டி ஓட்டினவன், அவிழ்த்துவிட்ட நாய், வேலித் தகராறு, நடுவில் இரண்டு கல்யாணம் என்று நாட்கள் போகும். நல்ல நீதிபதி, பிரிஜெட். பெண்டாட்டி சொல்கிறாள் என்று தள்ளிவிடாதே. எட்டு வருடம் பேசிக்கொண்டே இருந்த மனிதர், அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தவர் பேசுவதைக் கேட்கக் கற்றுக்கொண்டார்.

இனி, உங்கள் இருவரையும் பிரித்த அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். ஒரு சீட்டுக்கு ஒரு மிருகம்தான்; ஒருவர் பெயரில் வாங்கிய வேட்டைச் சீட்டை இன்னொருவர் சுட்ட மிருகத்தின் காலில் கட்டினால், இரண்டு பேருக்கும் ஐந்து வருடம் வேட்டை கிடையாது. இறைச்சி பறிமுதல். நீதிபதி ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. அடுத்தவன் சீட்டை வாங்கிக்கொண்டு கொம்புக்காக வருகிற வெளியூர்ப் பணக்காரர்களை மனதில் வைத்துத்தான் ஆர்விட் அதை எழுதினார். அதில் பொய் இல்லை. ஆனால் நீ குழுவில் எழுந்து, "ஆர்விட், இந்த வலையில மாட்டப்போறது உன் ஊர் சனந்தான். ஜட்ஜுக்குக் கொஞ்சமாவது இடம் விடுய்யா" என்று கேட்டாய். அவர், "இடம் விட்டா அவன் மச்சான், இவன் பக்கத்து வீட்டுக்காரன்னு ஜட்ஜுங்க இளகிடுவாங்க. ஒரு நூல் விடமாட்டேன்" என்றார். மூன்று ஓட்டில் நீ தோற்றாய். அன்று படியில் இறங்கும்போது அவரை வெளிவேடக்காரர் என்று சொன்னாய். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நீ எதையும் தெரிந்து சொல்லவில்லை, கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் பக்கத்தில் நின்ற நான் உன் முகத்தைப் பார்க்காமல் முன்னால் இறங்கிவிட்டேன். ஏன் என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய நவம்பரில் ஆர்விட் தன் சீட்டுக்கு ஒரு எல்க் மானைச் சுட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மேட்டுப் பள்ளத்தாக்கில் வாழ்நாளில் பார்த்திராத ஆண்மான் ஒன்று எதிரே வந்து நின்றதாம். கை சும்மா இருக்குமா? சுட்டார். என் சீட்டை எடுத்துக் கட்டினார். நான் துப்பாக்கி தொட்டதே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பெண்டாட்டி பெயரில், மாமியார் பெயரில் எல்லாம் சீட்டு வாங்கி வைப்பார்கள். பனிக்கு முன்னால் விறகு அடுக்குவது மாதிரி அதுவும் ஒரு வேலை. திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை.

யார் என்ன சுட்டார்கள் என்று பதிகிற இரும்புக்கடைப் பலகையில் என் பெயரை எழுதினார்கள்: டோரீன் டோலெஃப்சன், ஆறு கிளைக் கொம்பு. அந்தச் சனிக்கிழமை முழுக்க நான் தேவாலயத்தின் அடித்தளத்தில், வருடாந்தர மீன் விருந்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். இருநூறு பேர் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் எழுதிக்கொண்டே, "கிழங்கு உரிக்கிற கத்தியாலயே குத்திட்டியா டோரீன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஐந்து மாதம் கழித்து ஆர்விட் சபையில் அந்தச் சட்டத்தைப் பேசி ஜெயித்தபோது, மேல்மாடத்தில் உட்கார்ந்து கைதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

அந்த மானின் தலையை வீட்டுக்கூடத்தில் மாட்ட நான் விடவில்லை. நீதிபதி ஆனதும் தன் நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டிக்கொண்டார்.

போன டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜோலின் டெக்கர் என்ற பெண் அந்தத் தலைக்கு நேரே வந்து நின்றாள். முப்பது வயது, பள்ளிச் சமையலறையில் வேலை, மூன்று பிள்ளைகள். கணவன் ராய் மர ஆலையில் கட்டை உருண்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவள் தன் சீட்டுக்கு ஒரு மான் சுட்டாள். ஐந்து வயிற்றுக்கு அது மார்ச் வரை வராது என்று ராயின் சீட்டுக்கும் ஒன்று சுட்டாள். சாலைச் சோதனையில் வேட்டைக் காவலர் ஹோல்ட் சீட்டைப் பார்த்துவிட்டு ராய் எங்கே என்று கேட்டிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத பெண். "வீட்டுல, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்காரு" என்று சொல்லிவிட்டாள்.

ஆர்விட் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வந்த நான் அன்று கடைசி பெஞ்சில் இருந்தேன். ஜோலின் அந்தத் தலையைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். பதினோரு வருடம் முன்பு அந்த மீன் விருந்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண் அவள். அன்று முழுக்க என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் வாயைத் திறந்து ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "ஆமாங்கய்யா, நான்தான் சுட்டேன். ராயோட சீட்டைத்தான் கட்டினேன். தீர்ப்பைச் சொல்லிடுங்க, மூணு மணிக்குப் பிள்ளைங்களக் கூப்பிடப் போகணும்" என்றாள். குத்தல் எதுவும் இல்லை, சும்மா சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆர்விட் சட்டப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். வழக்கை ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ராஜினாமா பண்ணிட்டு? வேற ஒருத்தர் வந்து நீங்க எழுதினதையே அவ தலையில வாசிப்பாரு. உங்களுக்கு மட்டும் மனசு லேசாயிடும். எழுதின கையே திருத்தட்டும்" என்றேன். காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் இருவரும் ஹோல்ட்டிடம் போய் உள்ளதைச் சொன்னோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊருக்கே தெரிஞ்ச கதைய எங்கிட்ட வந்து ஒப்புவிக்கிறீங்களா? காலம் எப்பவோ கடந்துபோச்சு. கேஸ் போட எனக்கு அதிகாரமே இல்ல, போய் வேலையப் பாருங்க" என்றார். எத்தனையோ பேர் தப்பித்தால் போதும் என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தப்பித்துவிட்டோம் என்று ஒரு மனிதர் இவ்வளவு கோபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் ஆர்விட், அந்த மான் தலையை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போகும்படி ஹோல்ட்டைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறை நிரம்பிவிட்டது. ஆர்விட் அங்கியைப் போடவில்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்று, "இந்தச் சட்டத்தை எழுதினது நான். அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி இதே தப்பைச் செஞ்சதும் நான். சுட்டது நான், கட்டினது டோரீனோட சீட்டு. இந்தப் பொண்ணைத் தண்டிக்க எனக்கு யோக்கியதை இல்ல" என்றார். வழக்கைப் பக்கத்து மாவட்ட நீதிபதி வெர்னா ஸ்டோல்ட்ஸிடம் ஒப்படைத்தார். நாங்கள் இருவரும் ஐந்து வருடம் சீட்டு வாங்கமாட்டோம் என்றும் சொன்னார். பின்னாலிருந்து யாரோ, "ஐயையோ, டோரீன் அஞ்சு வருஷம் எப்படித் தாங்குவா?" என்றான். அறையே சிரித்தது. ஆர்விட் சிரிக்கவில்லை. இரும்புக்கடைக்காரர் மட்டும் வாசலில் எங்களை மறித்து, "ஊரையே காட்டிக் குடுத்துட்டீங்களே, இனிமே ஹோல்ட் ஒவ்வொரு ஃப்ரீசரையும் திறந்து பார்ப்பான்" என்று கத்தினார். அவர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

ஜோலின் என்ன சொன்னாள் தெரியுமா? நன்றி சொல்வாள் என்று நான் அசட்டுத்தனமாக எதிர்பார்த்தேன். வண்டிக் கதவைத் திறந்துகொண்டே ஆர்விட்டிடம், "நீங்க ஒத்துக்கிட்டது பெரிய விஷயந்தான், ஐயா. ஆனா அதை என் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட முடியாதே" என்றாள். நியாயமான பேச்சு.   அன்று மாலையே ஆர்விட் மேசையில் உட்கார்ந்து சட்டத் திருத்தம் எழுதத் தொடங்கிவிட்டார்.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்து நீதிபதி ஆனவள். ஜோலினிடம், "சட்டத்துல எனக்கும் வழி கிடையாதும்மா. ஆனா தேதி குறிக்கிறது என் கையில. பிள்ளை ஓடி வர்றது கண்ணாடியில தெரிஞ்சா நான் கதவைச் சாத்தினதில்ல" என்று சொல்லி, தண்டனையை மே பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறாள். உங்கள் கூட்டத்தொடர் ஏப்ரல் கடைசியில் முடிந்துவிடும். அதைக் கணக்குப் பண்ணித்தான் அந்தத் தேதியைக் குறித்திருக்கிறாள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எங்கள் தொகுதியின் இப்போதைய உறுப்பினரான பையன் சபையில் கொண்டுவந்த அந்தத் திருத்தம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி உன் குழுவுக்கு வருகிறது. ஒரே வீட்டுக்காரர்கள் சாப்பாட்டுக்காகச் செய்ததாக இருந்தால், தண்டனையை நீதிபதி தீர்மானிக்கலாம் என்பதுதான் சாரம். நிலுவையில் உள்ள வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. யாராவது அந்த வரியை வெட்டப் பார்ப்பார்கள். அதை மட்டும் விட்டுவிடாதே. அது போனால் ஜோலினுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆர்விட் சாட்சி சொல்ல வருகிறார். தன் சட்டத்துக்கு எதிராகத் தானே. முதலில் நாலு பக்கம் எழுதினார், அதில் மூன்று பக்கம் வெளியூர்க்காரர்களைத் திட்டி. நான் அடித்துத் தள்ளியதில் ஒரு பக்கம் மிஞ்சியது. நீதிபதிகளை விசாரிக்கும் குழுவுக்கும் தன்னைப் பற்றித் தானே எழுதிப் போட்டுவிட்டார். நாற்காலி போகலாம். போனால் போகட்டும் என்கிறார், நானும் அதையேதான் சொல்கிறேன். உன்னைத் தொலைபேசியில் கூப்பிடச் சொன்னேன். மூன்று முறை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். நான் இதை எழுதுவதைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. தபால் தலையை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பழைய சகாக்கள் எல்லாம் அவர் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள், நல்ல மனுசன் என்பார்கள், அந்த நல்ல பெயரோடு திருத்தத்தைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். அப்படி நடக்க விடாதே. நீ மட்டுமாவது அவரிடம் இரக்கம் காட்டாதே. பதினோரு வருடமாக உனக்குள் கிடக்கிற கேள்வி எல்லாவற்றையும் கேள். எல்லார் முன்னிலும் கேள், பதில் வரும்வரை கேள். அவர் உட்கார்ந்து பதில் சொல்வார், நான் பின்னால் இருப்பேன். அவரை நீ சுலபமாக விட்டுவிட்டால், அந்தப் பெண்ணை யாரும் விடமாட்டார்கள்.

ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பையும் அந்தப் பழைய நாக்கையும் குறையாமல் தரட்டும். பிப்ரவரியில் கணவாய் முழுக்கப் பனியாக இருக்கும், அன்றே நாங்கள் திரும்ப முடியாது. இன்னும் தங்க இடம் எதுவும் பார்க்கவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
டோரீன் டோலெஃப்சன்