கோயில் இல்லாத ஊருக்கு ஒரு பயணம்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கியாச்சு. உள்ளே லூர்து போனபோது வாங்கிய மெழுகுதிரி ஒன்று இன்னும் கிடக்கிறது.

நாளைக்கு மொரோக்கோ. வர்சாசாத் என்று ஒரு பாலைவனப் பட்டணம். எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் அபி எடுத்துத் தந்த டிக்கெட். இவர் கேட்ட கேள்விகள்:

"அங்கை கோயில் இருக்கோ?"

"இல்லை."

"சொந்தக்காரர்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னத்துக்குப் போறம்?"

எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் போனதெல்லாம் கலியாணம், செத்தவீடு, கோயில். லூர்து மாதாவையும் கோயில் கணக்கில்தான் சேர்த்தோம். சும்மா ஓரிடத்தைப் பார்க்க எப்படிப் போவது? என்ன உடுப்பு?

இங்கே லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிக் கடை அக்காவுக்கும் அதே குழப்பம். "ஆரின்ரை கலியாணம்?" சும்மா போகிறோம் என்றேன். "சும்மா ஆர் போவினம்?" பின்னேரம் பக்கத்துப் பட்டணமான பொண்டியிலிருந்து மச்சாள் போன். அபிக்கு மொரோக்கோவில் மாப்பிள்ளை பார்க்கிறோமாம். விளங்கப்படுத்தி வாய் உளைந்ததுதான் மிச்சம்.

எடுக்க: குளிசை, தேயிலை, பருத்தித்துறை வடை, தொப்பி, மிளகாய்த்தூள் (சின்னப் போத்தல்).

உண்மையான பயம் வேறு. இவர் உணவகத்தில் சமையல் முடித்து வரும்போது நான் நித்திரை. நான் விடியமுன் கந்தோரில் மேசை, தரை துடைக்கும் துப்புரவு வேலைக்குப் போகும்போது இவர் நித்திரை. ஞாயிறென்றால் பிள்ளைகள் நடுவில். நாங்கள் இருவரும் தனியே இருந்து கதைத்ததே இல்லை. நாலு நாள் என்னத்தைக் கதைப்பது?

நவ. 6, வியாழன்

வர்சாசாத். வெயில் சுடுகிறது, நிழலுக்குப் போனால் குளிர்கிறது. சால்வையைப் போடுவதும் கழற்றுவதுமாக ஒரு நாள் போச்சு.

பாலைவனம் என்றால் மணல் என்றுதான் நினைத்திருந்தோம். இங்கே கல்லும் செம்மண்ணும். "மணல் எங்கை?" என்று இவர் என்னைக் கேட்கிறார், நான் ஒளித்து வைத்ததுபோல. மண்ணால் கட்டிய பெரிய கோட்டை பார்த்தோம், கஸ்பா என்கிறார்கள். அழகுதான். படி, அறை, படி, அறை. எதற்காகப் போகிறோம் என்று தெரியாமலே எல்லா அறைக்கும் போனோம். சன்னலால் பேரீச்சை மரங்கள் தெரிந்தன. ஆறும் உண்டு என்றார்கள், தண்ணீரைக் காணவில்லை.

நடந்துகொண்டே பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். சாப்பாட்டுக்கு முன்னமே அது முடிந்துவிட்டது. பிறகு வீட்டுக் குழாய் ஒழுகுவது. பிறகு ஒன்றுமில்லை.

ஹோட்டலில் நீச்சல்குளம். இறங்க இருவருக்கும் வெட்கம். கரையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல இருந்தோம். பக்கத்துக் கதிரைகளில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும். அப்படி ஒரு கதை, அப்படி ஒரு சிரிப்பு. எரிச்சலாக இருந்தது. பொறாமை என்று எழுதினால்தான் சரி.

நவ. 7, வெள்ளி

காற்று. பல்லுக்குள் எல்லாம் தூசி. சினிமாப் படம் பிடிக்கும் இடத்தைக் காட்டக் கூட்டிப் போனார்கள். படத்துக்காகக் கட்டிய எகிப்துக் கோயில் ஒன்று, வாசலில் பென்னம்பெரிய சிலைகள். வழிகாட்டி பிரெஞ்சில் விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் இவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். வெள்ளிக்கிழமை வேறு. நானும் யோசிக்கவில்லை, கழற்றிவிட்டேன்.

வழிகாட்டி தூணைத் தட்டிக் காட்டினார். வெறும் கூட்டைத் தட்டிய சத்தம். "பிளாஸ்டர், மெசியூ." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். இவர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார், கட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபம். வழிகாட்டிமேலா, சிரித்தவர்கள்மேலா, இவர்மேலா, தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

வெளியே வந்து கேட்டேன். "என்ன கேட்டுக் கும்பிட்டனீங்கள்?"

சப்பாத்திலிருந்த தூசியைத் தட்டினார். பிறகு, "உன்னோடை என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. ஏதாவது வாயிலை வரட்டும் எண்டுதான்."

சிரிப்பதா அழுவதா. "ஓம்" என்று தலையை மட்டும் ஆட்டினேன். இவருக்கும் அதே பயமா? எப்போதிருந்து?

நவ. 8, சனி

காற்று அடங்கிவிட்டது. வடை முடிந்தது. அபியிடமிருந்து பிரெஞ்சில் தகவல்: சூரியன் விழுவதைப் பார்க்காமல் வரக் கூடாதாம், படம் கட்டாயமாம்.

ஊருக்கு வெளியே ஒரு கல்மேடு. எல்லாரும் அதற்குத்தான் அங்கே வருகிறார்கள். நாங்களும் ஒரு கல்லில் இருந்தோம். இவர் தொண்டையைச் செருமினார்.

"நீ வேலை செய்யிற கந்தோர், அது எப்பிடி இருக்கும்?"

இத்தனை வருடத்தில் கேட்டதேயில்லை. நானும் சொன்னதில்லை. குப்பைக்கூடையும் மேசையும்தான், வேறென்ன என்றேன்.

"எத்தினையாம் மாடி?"

சொன்னேன். சன்னலால் ரயில் தண்டவாளங்கள் தெரியும், விளக்குப் போட முதல் கொஞ்சநேரம் அங்கே நிற்பேன் என்றும் சொன்னேன். அங்கே வேலை செய்யும் ஒருத்தி தன் மேசையிலிருக்கும் பூச்சட்டிக்குத் தண்ணீர் விடுவதில்லை. நான்தான் விடுகிறேன், அவளுக்குத் தெரியாது.

"என்ன பூ?"

பெயர் தெரியாது.

"என்ன நிறம்?"

அதையும் சொன்னேன்.

"நீ லீவிலை நிக்கிறாய். இப்ப ஆர் தண்ணி விடுறது?"

யாரும் என்னிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை. வாய் ஓயவில்லை எனக்கு. எதையெதையோ சொல்லிக்கொண்டே போனேன், இவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

திடீரென்று சுற்றி எல்லாரும் கைதட்டினார்கள். எதற்கென்று விளங்காமல் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். சூரியன் போய்விட்டிருந்தது.