பட்டியலில் மூன்றாவது பெயர்

அன்பு மகன் ஃபெர்மினுக்கு,

அப்பா பாஸ்குவால் எழுதுவது. நானும் உன் அம்மா ஃபெலிசாவும் சுகமாக இருக்கிறோம், லக்சம்பர்க் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆமாம், இது என் கையெழுத்துதான். நவம்பரிலிருந்து செவ்வாயும் வியாழனும் பெரியவர்கள் பள்ளிக்குப் போகிறேன், எழுபத்தாறு வயதில் எழுத்துகள் எனக்குப் பிடிபட்டுவிட்டன. மருந்துக் கடைப் பலகை, மீன் டப்பா, பேருந்தின் நெற்றி, எதையும் விடுவதில்லை. "தெருவுல சத்தம் போட்டுப் படிக்காதய்யா, மானம் போகுது" என்கிறாள் அம்மா. உனக்குத் திடீரென்று கடிதம் போட்டுச் சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தோம். ஆனால் முதல் கடிதமே சந்தேகக் கடிதமாகிவிட்டது. நான்கு நாளாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன திங்கட்கிழமை நீ வேலை பார்க்கும் நிறுவனத்து ஆள் அரியேத்தா மாட்ரிட்டிலிருந்து வந்து, ஆலிவ் கூட்டுறவு ஆலையில் எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பேசினார். புதுத் தொழில்களில் பணம் போடும் நிதியாம், பத்து வருடம் பணத்தைத் தொட முடியாதாம். அது திரும்பும்போது எனக்கு எண்பத்தாறு ஆகியிருக்கும். "முன்னல்லாம் ஒரு லட்சம் யூரோ இல்லாதவங்களை உள்ளயே விடமாட்டாங்க, இப்ப சட்டம் மாறிடுச்சு, பத்தாயிரம் போதும்" என்று இனிப்பாகச் சொன்னார். என் பழைய சிநேகிதன் காசிமிரோ விடுவானா, "முப்பது வருஷமா நாங்க உங்க கண்ணுக்குத் தெரியல, இப்ப மட்டும் எப்படி தம்பி பார்வை வந்துச்சு?" என்று கேட்டான். சிரிப்பு அடங்கினதும் கேள்வி மேல் கேள்வி கேட்டு உண்மையை வாங்கினோம். வெளிநாட்டு ஓய்வூதிய நிதிகள் முன்போல அவரிடம் பணம் போடுவதில்லையாம், பழைய நிதிகள் வாங்கிய நிறுவனங்கள் விலைபோகாமல் நிற்கின்றனவாம், போட்ட பணம் திரும்பி வராதவர்கள் மறுபடி போடத் தயங்குகிறார்களாம். பெரிய மனிதர்கள் எழுந்துபோன மேசையில் எங்களை உட்காரச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது, நீயே சொல், தப்பா?

இந்தத் தொழிலில் முதல் ஆளாக இருக்க யாரும் விரும்புவதில்லை போலிருக்கிறது, வேறு யார் போட்டார்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கென்றே அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். மற்றவர்களுக்குத் தூரத்திலிருந்து ஆட்டிக் காட்டியவர், என் முகத்துக்கு நேரே மட்டும் தைரியமாக நீட்டி, "பாருங்க பெரியவரே, உங்க ஊர்லயே மூணு பேர்" என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மெதுவாகப் படித்தேன். மூன்றாவது வரியில், பாஸ்குவால் ருவேதாஸ் கோபோ, முப்பதாயிரம் யூரோ, சம்மதம். நான் எதற்கும் சம்மதிக்கவில்லை. இரண்டாம் தடவையும் படித்துவிட்டு, அது உன் வேலை இடம் என்பதால் சண்டை போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் காசிமிரோ என் தோளில் அடித்து, "அரியேத்தா இப்பதான் காதுல சொன்னார், அமுக்கமா முப்பதாயிரம் போட்டுட்டு எங்கிட்டகூட மூச்சு விடலையேடா! பையன் வேலை பாக்கிற இடத்துல அப்பனே போட்டிருக்கான்னா சும்மாவா, நானும் இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போடப்போறேன்" என்றான். அவன் மேய்ச்சல் நிலம் விற்ற பணம் அது, கடைசிக் காலத்துக்கு வேறு எதுவும் இல்லை. நான் போடவே இல்லை என்றேன். "அப்ப உன் பேரை யாருடா கொடுத்தது?" என்றான்.

மகனே, நம் கீழ்த் தோப்பை முப்பதாயிரத்துக்கு விற்றது எனக்கும் அம்மாவுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா அரியேத்தாவைப் பார்த்ததே இல்லை. சொன்னது நீ இல்லையென்றால் இந்த வயதில் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன், சந்தோஷமாகக் கேட்பேன். நீதான் என்றால், பட்டியல் நிரம்பாமல் உன் வேலைக்கு ஆபத்து என்றால், மகனாகக் கேள், அந்தப் பணத்தை உன் கையில் தருகிறேன், திருப்பித் தர வேண்டாம். மற்றவர்களை இழுக்க என் பெயரை மட்டும் தூண்டிலில் மாட்டாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, காலுறை ஈரமாக இருந்தால் மாற்று, கர்த்தர் உன்னைக் காப்பாராக. இருபத்தெட்டாம் தேதிக்கு முன் என் பெயரை எடுக்கச் சொல், இல்லையென்றால் ஆலையில் எல்லார் முன்னும் அந்தப் பட்டியலை நானே வாய்விட்டுப் படிப்பேன். போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நீ எதைச் சொன்னாலும் நம்பிவிடுவேன். எழுது.

உன்னை நம்ப ஆசைப்படும் அப்பா,
பாஸ்குவால்