மிச்சம் பிடித்த எட்டு நிமிடம்

மார்ச் 3, திங்கள்

காலை ஆறு மணி. ரொட்டித் தொழிற்சாலை வாசலில் அம்மா. இரவு ஷிப்ட் முடிந்து, புருவத்தில் மாவு. காரின் பின் இருக்கையில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ரயில்வே கேட் வருவதற்குள் தூங்கிவிட்டாள். தினமும் இப்படித்தான். வாய் லேசாகத் திறந்துகொள்ளும். பையிலிருந்து கை நழுவிவிடும். வீட்டுக்கு முப்பத்தைந்து நிமிடம்.

வண்டி, அப்பா இருந்தபோது வாங்கியது. பதினோரு வயது. மேட்டில் ஏறும்போது லாரிகள்கூட முந்துகின்றன. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதை எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக்கிடம் பேசினேன். வேகம் கூடும்படி இஞ்சினின் கம்ப்யூட்டரை மாற்றி அமைக்கலாம். பெரிய சைலென்சர். வண்டியைத் தாழ்த்தும் இறுக்கமான ஸ்பிரிங்.

"பண்ணிடலாம் சார். ஆனா இது குடும்ப வண்டி. ஓட்டறவருக்குப் பிடிக்கும். பின்னாடி உக்கார்றவங்களைக் கேட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். "உனக்குப் பிடிச்சிருந்தா சரிப்பா."

அக்கா போனில் சிரித்தாள். "நம்ம வண்டிக்கா? தாத்தாவுக்கு ஓட்டப்பந்தய ஷூ மாட்டிவிடற மாதிரி இருக்குடா."

மார்ச் 22, சனி

வண்டி வந்துவிட்டது. மூன்றாவது கியரில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. மேட்டில் மூன்று லாரிகள். மூன்றும் பின்னால். தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

இருபத்தேழு நிமிடம்.

"எட்டு நிமிஷம் மிச்சம்மா."

"ஆமாம்பா. பறந்து வந்த மாதிரி இருந்துது." கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

மார்ச் 31, திங்கள்

இருபத்தாறு.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்கா கூப்பிட்டாள். "மத்தியானம் என்கிட்ட பேசிட்டு இருக்கும்போதே அம்மா தூங்கிட்டா. நான் பாட்டுக்கு ஹலோ ஹலோன்னு கத்திட்டிருக்கேன். என்னடா நடக்குது அங்க? அவளைத் தூங்க விடறியா இல்லையா?"

நானா? நான் என்ன செய்தேன்? பகலில் வீட்டில் அம்மாவுக்கு எப்போதுமே தூக்கம் பிடிக்காது. கீழே மரம் அறுக்கும் பட்டறை. அதற்கு நான் என்ன செய்ய முடியும். நான் அவளைச் சீக்கிரம் கூட்டிவருகிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 9, புதன்

இன்று உள்கண்ணாடியில் பார்த்தேன். இத்தனை நாளும் சாலையையும் மணியையும் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அம்மா விழித்திருந்தாள். கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாள். சைலென்சர் உறுமும்போது தோள் துள்ளியது.

அப்படியானால் பதினேழு நாளாக — ஐயோ, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்.

ஒரு நாளில் அவளுக்கு நிம்மதியாகக் கிடைத்த ஒரே தூக்கம் அந்த முப்பத்தைந்து நிமிடம். அதில்தான் எட்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தேன். மீதியை விழிப்பாக்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

"ஏம்மா சொல்லலை?"

"ஆசை ஆசையாப் பண்ணியிருக்க. அதைப் போய் எப்படிப்பா சொல்றது?"

ஏப்ரல் 15, செவ்வாய்

"நாளைலேர்ந்து கம்பெனி வேன்ல வந்துடறேன். நீ எதுக்கு அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும்?" காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

வேன் ஊரைச் சுற்றிவிட்டு வரும். ஒன்றேகால் மணி நேரம்.

"அதுல தூங்க முடியுமா?"

"நடு சீட்டுதான் கிடைக்கும். பாத்துக்கலாம்."

ஏப்ரல் 16, புதன்

ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. போக இடமில்லை.

ஏப்ரல் 19, சனி

பழைய ஸ்பிரிங்குகளைக் கேட்டு மெக்கானிக்கிடம் போனேன். "எடைக்குப் போட்டாச்சு சார். நீங்கதானே வேணாம்னீங்க."

'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேர்மையாக எழுத வேண்டும். வண்டி நன்றாகத்தான் ஓடியது. அந்த மேடு, அந்த லாரிகள் — அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அது ஒரே ஒரு இருக்கைக்கான சந்தோஷம். வண்டியில் ஐந்து இருக்கைகள்.

மே 4, ஞாயிறு

பழைய இரும்புக் கடையில், இதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து ஸ்பிரிங்கும் சைலென்சரும் கிடைத்தன. மெக்கானிக் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டார். இஞ்சினையும் பழைய கணக்குக்கே கொண்டுவந்துவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த அக்காவைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று.

"நல்லா ஆடுதுடா. தாத்தா திரும்பி வந்துட்டார்."

அம்மாவிடம் இந்த முறை கேட்டேன். "நாளைக்கு நான் வரட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "வாயேன்."

மே 5, திங்கள்

ஆறு மணி. தொழிற்சாலை வாசல். மடியில் பை. லாரிகள் முந்திப்போயின, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ரயில்வே கேட்டில் கண்ணாடியைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள். வாய் மூடியே இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அதற்குப் பத்தடி முன்பே, கண்ணைத் திறக்காமல், அம்மாவின் கை மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. வண்டி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. கை கைப்பிடியிலேயே இருந்தது.

முப்பத்தெட்டு நிமிடம்.

வாசலில் இறங்கியபோது கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "நல்லாத் தூங்கிட்டேன்பா."

"சரிம்மா" என்றேன்.